தசை ஒட்டாத எலும்பு

போன ஐப்பசியில் அண்ணன் வண்டியிலிருந்து விழுந்தார். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்புக்குப் போகிற மண்பாதையில் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. மழைக்கு அதன்மேல் சேறு வழிந்து கிடந்தது. நாய் ஒன்று குறுக்கே ஓட, வலது காலால் பின்பிரேக்கை ஏறி மிதித்திருக்கிறார். வண்டி வழுக்கிக்கொண்டு பாலத்துச் சுவரில் நேராகப் போய் முட்டியது. முட்டுகிற வரைக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை என்று பிறகு அவரே சொன்னார்.

முதலில் போன இடத்தில் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து, முறிவு எதுவும் இல்லை, சுளுக்குதான் என்று துணிக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அம்மா சாயங்காலம் போனில் கூப்பிட்டபோது, கால் கறுத்துப்போய் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது என்றார். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லித்தருகிறேன். நோயாளிகளைப் பார்ப்பதில்லை. ஆனால் எலும்புகள் தினமும் என் கையில் புழங்குபவை. வந்த படம் நேராக முன்னாலிருந்து எடுத்தது. நான் எந்த இடத்தைப் பார்க்க நினைத்தேனோ, அது அந்தக் கோணத்தில் சரியாகத் தெரியாது. அண்ணனிடம், "பக்கவாட்டுல ஒரு படம் எடுக்கணும்ண்ணா, காலையில முதல் வேலையா கோயம்புத்தூர் போயிருங்க" என்றேன். மறுநாள் எடுத்த படத்தில் கோடு பளிச்சென்று இருந்தது. கணுக்காலுக்குள் இருக்கும் டேலஸ் என்ற எலும்பின் கழுத்து உடைந்து, பின்துண்டு கொஞ்சம் விலகி நின்றது.

அன்றிலிருந்து ஏழு வாரம் என் மனதில் அந்த ஒரு எலும்புதான் இருந்தது. பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிற எலும்பு அது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது இப்போதுதான்.

முதலில் உங்கள் காலையே தொட்டுப் பாருங்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு இருப்பதைத்தான் நாம் கணு என்கிறோம். அவை தனி எலும்புகள் அல்ல. உள்பக்கம் இருப்பது முழங்காலிலிருந்து இறங்கி வரும் பெரிய எலும்பான டிபியாவின் நுனி. வெளிப்பக்கம் இருப்பது அதை ஒட்டிக் கீழே வரும் மெல்லிய ஃபிபுலாவின் நுனி. இரண்டிலும் ஒவ்வொரு விரலை வையுங்கள். வெளிக்கணு உள்கணுவைவிட ஏறக்குறைய 1 செ.மீ. கீழே இறங்கியிருப்பது தெரியும். பாதம் வெளிப்பக்கமாகப் புரளாமல் இந்தத் தடுப்புதான் பிடித்துக்கொள்கிறது. உள்பக்கமாகப் புரள்வதற்கு அவ்வளவு தடை இல்லை. சுளுக்கில் பெரும்பாலும் பாதம் உள்ளே மடிந்து வெளிக்கணுவுக்குக் கீழே வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இரண்டு கணுக்களும் டிபியாவின் அடித்தளமும் சேர்ந்து கவிழ்த்து வைத்த பெட்டி போல ஒரு குழியை உண்டாக்குகின்றன. தச்சர் மரத்தில் துளை அடித்து இன்னொரு மரத்தின் நாக்கைச் செருகுவாரே, அந்த மாதிரி இந்தக் குழிக்குள் போய் உட்காரும் எலும்புதான் டேலஸ். வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குக் கீழே குதிகால் எலும்பு, கால்கேனியம். பாதத்தில் மொத்தம் 26 எலும்புகள். அதன் பின்பகுதி என்பது இந்த இரண்டு மட்டும்தான்.

முதலாமாண்டு மாணவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. மேசையில் எலும்பை வைத்து, "எந்தப் பக்கத்துது?" என்று கேட்போம். டேலஸைக் கொடுத்தால் பாதிப்பேர் திணறுவார்கள். கைக்குள் வைத்து மூடினால் அடங்கிவிடும் அளவுதான், ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறொரு வடிவம் காட்டும். வளைந்த முதுகு மேலே, உருண்டையான தலை முன்னே வருமாறு பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் பெரிய முக்கோண வழவழப்பு எந்தப் பக்கம் வருகிறதோ அது வெளிப்பக்கம், ஃபிபுலா வந்து உரசும் இடம். அது வலதில் வந்தால் வலது கால்.

என் மேசை இழுப்பறையில் நான் படிக்கும்போது சீனியர் அக்கா ஒருவரிடம் வாங்கிய 'போன் செட்', அதாவது பாடத்துக்கான மனித எலும்புத் தொகுப்பு, இன்னும் இருக்கிறது. அண்ணனின் படத்தைப் பார்த்த அன்று ராத்திரி அதிலிருந்து டேலஸை எடுத்து விளக்கடியில் வைத்தேன். முதுகு, அடி, தலை எல்லாம் ஆற்றுக் கூழாங்கல் போல வழவழ என்று இருக்கும். அந்தப் பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் உயிரோடு இருந்தபோது குருத்தெலும்பு போர்த்திய இடம். தலைக்கும் உடலுக்கும் நடுவே ஒடுங்கிய கழுத்து மட்டும் சொரசொரப்பாக இருக்கும். உற்றுப் பார்த்தால் குண்டூசியால் குத்திக் குத்தி எடுத்த மாதிரி அதில் நிறையத் துளைகள். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

பாதத்தின் பின்பாதியில் இருக்கும் ஏழு டார்சல் எலும்புகளில் ஒரு தசையோ தசைநாணோ ஒட்டாத ஒரே எலும்பு டேலஸ்தான். சுற்றிலும் தசைநாண்கள் ஓடுகின்றன. கட்டைவிரலை மடக்கும் நாண் இதன் பின்புறத்துப் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டே போகிறது, ஆனால் ஒட்டுவதில்லை. அதனால் டேலஸ் தானாக அசையாது. மேலே இருப்பவையும் கீழே இருப்பவையும் அசையும்போது நடுவில் அதுவும் அசையும். உடம்பின் முழுப் பாரமும் டிபியா வழியாக இதன் முதுகில் இறங்கி, பின்னால் குதிகாலுக்கும் முன்னால் பாதத்துக்குமாகப் பிரிந்து போகிறது.

அந்த முதுகில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்பக்கம் அகலம், பின்பக்கம் சில மில்லிமீட்டர் குறுகல். ஆப்பு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது அகலமான பகுதி குழிக்குள் ஏறி இறுக்கிக்கொள்ளும். மேடு ஏறும்போது கணுக்கால் உறுதியாக இருப்பது அப்படித்தான். விரல் நுனியில் நிற்கும்போதோ படியில் இறங்கும்போதோ குறுகலான பகுதி குழிக்குள் வரும், மூட்டு கொஞ்சம் ஆடும். அந்த நேரத்தில் எலும்பின் பிடி குறைந்து, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்கள்தான் தாங்கிக்கொள்ள வேண்டும். கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்து வெறும் தரையில் காலை வைத்து எத்தனை பேருக்குக் கால் பிசகியிருக்கிறது! அப்போது முதலில் கிழிவது வெளிக்கணுவையும் டேலஸின் கழுத்தையும் இணைக்கும் சின்னத் தசைநார். அதை எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. கிழிந்த நாரை முதல் நாளிலேயே போட்டு நீவாதீர்கள். காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றால் படம் எடுத்துப் பாருங்கள், அதுவும் குறைந்தது இரண்டு கோணத்தில்.

சரி, கீழே வருவோம். கால்கேனியம் பாதத்திலேயே பெரிய எலும்பு. அதன் உள்பக்கச் சுவரிலிருந்து வீட்டுத் திண்ணை போல ஒரு தட்டு நீட்டிக்கொண்டு இருக்கும். டேலஸின் ஒரு பகுதி அந்தத் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. உள்கணுவுக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் அது கைக்குத் தட்டுப்படும். இந்த இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் மூட்டு, பாதத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மூட்டு. கணுக்கால் மூட்டு மேலும் கீழும்தான் மடங்கும். வரப்பில் நடக்கும்போது ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் சரிவிலும் பட்டாலும் உடம்பு நேராக இருக்கிறதே, அந்த வேலையைச் செய்வது இந்தக் கீழ்மூட்டு. இது இறுகிப்போனவர்கள் தார்ரோட்டில் நன்றாகவே நடப்பார்கள். வரப்பில் இறங்கினால்தான் தெரியும்.

எங்கள் தோப்பில் முன்பு மரம் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு அப்படித்தான் ஆனது. தென்னையிலிருந்து சறுக்கி இரண்டு காலும் ஊன்றியபடி விழுந்தார். குதிகால் எலும்புக்கு வெளி ஓடு மெல்லிசு, உள்ளே கடற்பஞ்சு மாதிரி. நடக்கிற பாரத்தைத் தாங்கி அமுக்கிக்கொள்ள அது தோதான அமைப்பு. உயரத்திலிருந்து விழும்போது டேலஸ் ஆப்பு மாதிரி அதற்குள் இறங்கிப் பிளந்துவிடும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்த எலும்பின் மேல்விளிம்பில் ஒரு கோணத்தை அளப்பார்கள். ஆஸ்திரிய மருத்துவர் லோரன்ஸ் போலரின் பெயரால் அழைக்கப்படும் அது சாதாரணமாக 20 முதல் 40 பாகைக்குள் இருக்கும். எலும்பு நசுங்கினால் கோணம் தட்டையாகிவிடும். இப்படி விழுந்தவர்களுக்கு முதுகெலும்பையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். குதிகாலில் பட்ட அடி அப்படியே மேலேறி இடுப்புக்கு மேலே ஒரு கண்ணியையும் நொறுக்கியிருக்கலாம். அந்தப் பெரியவருக்குக் குதிகால் அகன்று, செருப்புக்குள் நுழையாமல் போயிற்று. அப்புறம் அவர் தோப்பில் களத்துக் காவலோடு நிறுத்திக்கொண்டார்.

அண்ணனுக்கு உடைந்தது கழுத்து என்று சொன்னேன் அல்லவா. பக்கவாட்டுப் படம் கேட்டதற்குக் காரணம் பிரேக்தான். பெடலை அழுத்திக்கொண்டிருக்கும் பாதத்தை மோதலின் வேகம் மேல்நோக்கித் தள்ளும். டிபியாவின் முன்விளிம்பு வந்து டேலஸின் கழுத்தில் உளி மாதிரி இறங்கும். இது புதிய விஷயமே இல்லை. முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர்கள் காலடியில் இருந்த சுக்கான் கட்டையை மிதித்தபடியே தரையில் மோதியபோது இதே எலும்பு உடைந்தது. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் கிரேம் ஆண்டர்சன் அப்படிப்பட்ட 18 பேரைப் பற்றி 1919-இல் எழுதினார், 'விமானியின் அஸ்ட்ரகலஸ்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். அஸ்ட்ரகலஸ் என்பது டேலஸின் பழைய பெயர். இன்று நம் ஊரில் அந்தச் சுக்கான் கட்டையின் இடத்தில் பைக்கின் பிரேக் பெடல் இருக்கிறது.

டிபியாவின் விளிம்பு டேலஸின் கழுத்தைத் தொடுவது விபத்தில் மட்டும் நடப்பதல்ல. நாம் குதிகாலைத் தூக்காமல் குந்தி உட்காரும்போதெல்லாம் அந்த விளிம்பு மெதுவாக வந்து கழுத்தின்மேல் உட்கார்கிறது. வருடக்கணக்கில் குந்தியே பாத்திரம் தேய்த்து, களை எடுத்து, கொல்லைக்குப் போய் வந்தவர்களின் எலும்பில் அந்த இடம் தேய்ந்து சின்ன வழவழப்பான முகப்பாகவே மாறிவிடும். உடற்கூறியலாளர் இந்தர்பீர் சிங் 1959-இல் இந்தியர்களின் டேலஸிலும் டிபியாவிலும் இருக்கும் இந்தக் குந்துமுகப்புகளை ஆராய்ந்து எழுதினார். நாற்காலியில் வளர்ந்த மக்களின் எலும்பில் இவை அரிது. மண்ணிலிருந்து தோண்டி எடுத்த பழைய எலும்புகளிலும் இதைத் தேடுகிறார்கள். இருந்தால், அவர்கள் குந்தி உட்கார்ந்து வாழ்ந்தவர்கள் என்று ஊகிக்கலாம்.

என் இழுப்பறை டேலஸிலும் கழுத்தின் மேல்பக்கம், வெளிப்பக்கமாக ஒரு மிளகளவு வழவழப்பு இருக்கிறது. அந்த மனிதர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எங்கோ வாசலிலோ வரப்பிலோ வெகுநேரம் குந்தி உட்கார்ந்திருக்கிறார். அன்று ராத்திரி அந்த மிளகளவு இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணனின் எலும்பு உடைந்ததும் அதே இடத்தில்தான்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் கையெழுத்து வாங்கும்போது, எலும்பு செத்துப்போக வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் என்னைத் தனியாகக் கேட்டார்: "பாப்பா, ஆளு உசுரோட இருக்கறப்ப ஒரு எலும்பு மட்டும் எப்படிச் சாகும்?"

தசை ஒட்டும் எலும்புக்குத் தசை வழியாகவும் ரத்தம் வரும். டேலஸுக்கு அந்த வழி இல்லை. பாதிக்கு மேல் குருத்தெலும்பு போர்த்தியிருப்பதால் அதன் வழியாகவும் ரத்தக்குழாய் நுழைய முடியாது. மிச்சம் இருப்பது கழுத்து. உள்கணுவுக்குப் பின்னால் நாடி துடிக்கிறதே, அந்தத் தமனியின் கிளை ஒன்று டேலஸுக்கும் குதிகாலுக்கும் நடுவே இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைகிறது. வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால் விரல் அமுங்கும் ஒரு பள்ளம் இருக்கும். அதுதான் அந்தச் சுரங்கத்தின் மறுவாய். அதன் வழியாகவும் பாதத்தின் மேல்பக்கத்திலிருந்தும் வேறு கிளைகள் வருகின்றன. எல்லாம் கழுத்தின் துளைகள் வழியே உள்ளே போய், அங்கிருந்து பின்னோக்கித் திரும்பி உடல்பகுதிக்குப் போகின்றன. குண்டூசித் துளைகள் என்றேனே, அவை இவைதான். கழுத்து உடைந்தால் அந்த வழி அறுந்துவிடும்.

இதை நான் அண்ணனிடம் வாய்க்கால் கணக்கில் சொன்னேன். மடை முன்னால் இருக்கிறது, தண்ணீர் பின்னால் போக வேண்டும், இப்போது மடையிலேயே உடைப்பு. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்திருக்கும் ஆளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்படின்னா கடைமடை காஞ்சு போயிருமா?" என்றார். காயலாம், காயாமலும் போகலாம் என்றேன். உள்கணுப் பக்கமிருந்து ஒரு சின்னக் கிளை கழுத்துக்கு வராமல் நேராக உடலுக்குள் போகிறது. அது பிழைத்திருந்தால் உள்பக்கப் பாதிக்காவது பாசனம் இருக்கும்.

எலும்பை ஒட்டவைத்து டைட்டானியம் ஸ்க்ரூ இரண்டு போட்டார்கள். காலை ஊன்றக் கூடாது என்று மாவுக்கட்டு. அம்மா வாரம் இரண்டு தடவை ஆட்டுக்கால் சூப் வைத்தார். எலும்பு ஒட்ட எலும்புச் சூப் என்பது எங்கள் வீட்டில் கேள்வியே கேட்காத விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் பின்னங்காலைக் கொஞ்சம் மேலே சேர்த்து வெட்டிக் கொடுத்திருந்தார். அண்ணனின் கிண்ணத்தில் வந்த துண்டில் முழுசாக ஒரு டேலஸ் இருந்தது. கழுவித் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

ஆட்டின் டேலஸ் அழகான எலும்பு. மேலே கிணற்றுக் கப்பி போல நடுவில் பள்ளமான உருளை, கீழேயும் அதே மாதிரி இன்னொரு கப்பி. நமக்கு மேல்பக்கம் மட்டும்தான் கப்பி, முன்னால் உருண்டைத் தலை. இரட்டைக் குளம்புள்ள ஆடு, மாடு, மான், ஒட்டகம், பன்றி எல்லாவற்றுக்கும் இந்த இரட்டைக் கப்பி உண்டு. தொல்லுயிரியலாளர் பிலிப் கிஞ்சரிச்சின் குழு பாகிஸ்தானில் ஏறக்குறைய 4.7 கோடி ஆண்டுப் பழமையான ஆதித் திமிங்கிலங்களின் எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்ததை 2001-இல் அறிவித்தது. அவற்றுக்குக் கால்கள் இருந்தன. அந்தக் கால்களின் டேலஸில் மேலும் கீழும் கப்பி இருந்தது. திமிங்கிலம் இரட்டைக் குளம்பு விலங்குகளின் வம்சம் என்பதற்கு எலும்பில் கிடைத்த சாட்சி அது.

ஆட்டு எலும்பு தரையில் உருட்டினால் நான்கு பக்கத்தில் ஏதாவது ஒன்றில் நிற்கும். கிரேக்கர்களும் ரோமானியர்களும் அதைத்தான் பகடையாக உருட்டினார்கள். லத்தீனில் டேலஸ் என்ற சொல் கணுக்காலையும் குறித்தது, பகடையையும் குறித்தது. மங்கோலியாவில் இன்றும் ஆடுகிறார்கள், விழும் பக்கத்தைப் பார்த்துக் குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்று பெயர் சொல்வார்கள். அண்ணன் மகன் அன்று மத்தியானம் முழுக்க அதைத் திண்ணையில் உருட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் விழுந்தது என்று அப்பாவிடம் ஓடிவந்து சொன்னான்.

ஏழாவது வாரம், மார்கழி. மாவுக்கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். இந்தத் தடவை வேண்டியது முன்பக்கப் படம், முறிவை மறைத்த அதே கோணம். டேலஸின் முதுகு அதில்தான் நன்றாகத் தெரியும். எலும்பு மருத்துவர் லீலண்ட் ஹாக்கின்ஸ் 1970-இல் கழுத்து முறிவுகளை வகை பிரித்து எழுதியபோது ஒரு அடையாளத்தையும் சொன்னார். காலை ஊன்றாமல் வைத்திருந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும். கரைந்ததை எடுத்துப் போக ரத்தம் வேண்டும். ரத்த ஓட்டம் இருக்கும் டேலஸில் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதுகின் விளிம்புக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தோன்றும். ரத்தம் போகாத எலும்பு கரையாமல் அப்படியே வெள்ளையாக நிற்கும். எலும்பு மெலிந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நான் ஒரு படத்தைப் பார்த்தது அன்றுதான்.

டாக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். உள்கணுப் பக்கமிருந்து ஒரு கோடு கிளம்பியது, பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி. பாதி முதுகு வரைக்கும் வந்தது. வெளிப்பக்கம் போகப் போக மங்கி, கடைசியில் இல்லை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "உள்பக்கம் தண்ணி வந்திருச்சுண்ணா. வெளிப்பக்கம் இன்னும் பார்க்கணும்" என்றேன். பாதிக்கு இருந்தாலே நம்பிக்கை வைக்கலாம், மூன்று மாதம் தாண்டித்தான் ஊன்ற விடுவேன் என்று டாக்டர் சொன்னார்.

இப்போது பத்து மாதம் ஆகிவிட்டது. வெளிப்பக்கம் கொஞ்சம் வெள்ளையாகவே இருக்கிறது, ஆனால் முதுகு நொறுங்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அண்ணன் நடக்கிறார், வண்டியும் ஓட்டுகிறார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது தோப்புக்கு அவர் பின்னாலேயே போனேன். வரப்பில் வலது காலை வைக்கும்போது மட்டும் ஒரு கணம் நிதானித்து வைத்தார். அன்று எங்களுக்குத் தண்ணீர் முறை. மடையைத் திறந்துவிட்டு வழக்கம்போல வாய்க்கால் ஓரம் குந்தப் பார்த்தார். இடது குதிகால் தரையில் படிந்தது. வலது குதிகால் மூன்று விரற்கடை மேலேயே நின்றது. பக்கத்தில் கிடந்த தேங்காய் மட்டை ஒன்றை இழுத்து அந்தக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கடைசி மரம் வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுந்தார்.